செத்துப்போன மகளின் மணியார்டர்

1

நம் ஊர்ச் சங்கத்தார் மலர் போடுகிறார்கள். பெங்களூருக்கு வந்து முப்பது வருஷம் தாண்டியவர்கள் எல்லாரும் இங்கே பிழைத்த கதையை எழுதித் தர வேண்டுமாம். கூட்டத்தில் செயலாளர் தம்பி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் பின்வரிசையில் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"ராஜம்மாக்கா, நீங்க நாலாவது படிச்சவங்க. எழுதுங்க. பேசத்தான் வெக்கம், எழுதறதுக்கு என்ன?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மற்றவர்கள் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த ஊர்க் குளிர், பேக்டரி வேலை, பிள்ளைகள் இங்கிலீஷ் படிப்பது. எனக்கும் அதெல்லாம் உண்டு. ஆனால் அம்மா போய் இந்த ஆடியோடு ஒரு வருஷம் ஆகிறது. பேனாவை எடுத்தால் வேறு எதுவும் வரவில்லை.

மலர் ஊருக்கும் வரும். படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் நின்றவர்கள்தான். உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் நின்றுகொண்டு பார்த்தீர்கள். நான் உட்கார்ந்துகொண்டு பார்த்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

2

ஆஸ்டின் டவுனில் எங்களுக்கு ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வீடு. என் வீட்டுக்காரர் போன பிறகு நான், மகன் செல்வராஜ், மருமகள், மூன்று பிள்ளைகள். காலையில் தெருக்குழாயில் இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டு ரிச்மண்ட் டவுனுக்கு நடந்து போவேன். அங்கே ஒரு கிழத் துரைசானி. சட்டைக்காரப் பெண்மணி, அதாவது ஆங்கிலோ இந்தியர்; படுக்கையில் விழுந்து பல வருஷம். அவருக்கு நான் ஆயா.

அவருக்கு ஒரே மகன். வெள்ளைக்காரன் போனதும் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். அங்கிருந்து பணம் அனுப்புவார். ஒரு வக்கீல் வாங்கி, என் சம்பளம், பால்காரன், வீட்டு வாடகை என்று பிரித்துக் கொடுப்பார்.

படுத்தவர்களைப் பார்ப்பது எப்படி என்று அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். முதுகிலும் இடுப்பெலும்பிலும் பவுடர் தடவ வேண்டும். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அந்த இடத்தில் தோல் சிவந்துவிடும். முட்டையை அரை வேக்காடாக வேகவைத்து ஸ்பூனால் ஊட்ட வேண்டும். ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் நினைப்பேன், ஊரில் எங்கம்மாவை இந்நேரம் யார் புரட்டுகிறார்கள் என்று.

துரைசானிக்குத் தமிழ் வரும், அவர் பாணியில். "மேரி, எங்கே போய்விட்டான் நீ? கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை போச்சு." அவருடைய முதல் ஆயா மேரி. அதற்குப் பிறகு வந்த எல்லா ஆயாவும் மேரிதான். முதலில் இரண்டு தடவை திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். சம்பளம் வாங்குகிற பெயர் எதுவானால் என்ன.

அம்மாவை ஏன் இங்கே கூட்டி வரவில்லை என்று கேட்பீர்கள். கூட்டி வந்தேன். ஒரு மாதம் இருந்தாள். ஆறு பேர் படுக்கிற அறையில் ஏழாவதாகச் சுருண்டு கிடந்தாள். குளிரில் கால் மரத்துப்போயிற்று. பக்கத்து வீட்டம்மா தினமும் "ஊட்ட ஆய்த்தா அஜ்ஜி?" என்று கேட்பார். சாப்பிட்டாச்சா என்று அன்பாகக் கேட்பதுதான். அம்மா என்னிடம், "இந்தூர்ல கக்கூசுக்கும் வரிசை, பேசறதும் புரியல. என்னைக் கொண்டுபோய் விட்டுடு" என்றாள். கொண்டுபோய் விட்டேன்.

அம்மாவுக்கு நான் ஒருத்திதான். சித்தப்பா மகன் பெருமாளும் அவன் மனைவி குப்புவும் எங்கள் பழைய வீட்டிலேயே குடியிருந்தார்கள். குப்புவிடம் பேசினேன். கஞ்சி காய்ச்சி ஊற்ற, துணி அலச, தலைக்கு எண்ணெய் வைக்க, மாதம் பதினைந்து ரூபாய் அனுப்புகிறேன் என்றேன். மணியார்டரை அம்மா பெயருக்கே அனுப்பினேன். அம்மாவின் கைநாட்டோடு ரசீதுத் துண்டு திரும்பி வரும். அதைப் பார்த்தால் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், கையை நீட்டியிருக்கிறாள் என்று தெரியும். எனக்கு அதுவே கடிதம்.

3

ஒரு தடவை ஆஸ்திரேலியாவிலிருந்து சில மாதம் பணம் வரவில்லை. வீடு மாறுகிறாராம், காகிதம் எங்கோ சிக்கிக்கொண்டதாம். வக்கீல், "பொறுத்துக்கம்மா, வந்துடும்" என்றார். துரைசானியைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போக மனசு வரவில்லை. அந்த சமயம் பார்த்து எனக்கு மலேரியாக் காய்ச்சல். செல்வராஜ் அப்போதுதான் பேக்டரியில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தான். இரண்டு மாதம் மணியார்டர் போகவில்லை.

மூன்றாம் மாதம் சேர்த்து அனுப்பினேன். ரசீது வந்தது, கைநாட்டோடு. சரி, அம்மாவுக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஒரு நாள் தபால்காரர் வீட்டுக்கு வந்து பணத்தை என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"வாபஸ் பந்திதெ அஜ்ஜி."

"செத்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

அவர் மணியார்டர் பாரத்தைத் திருப்பிப் பார்த்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற நல்ல மனுஷர். "செத்தா வேற மாதிரி எழுதுவாங்க. இது வாங்க மாட்டேன்னு சொன்னது. இங்க பாருங்க."

"எங்கம்மாவா சொன்னாங்க?"

"பேரு இருக்கிறவங்கதானே சொல்லணும்."

செல்வராஜிடம் சொன்னேன். "பாட்டிக்குக் கோபம்மா, நீ போகவே இல்லையில்ல. போயிட்டு வா" என்றான். துரைசானியிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்துவிட்டு, காலைப் பாசஞ்சரில் ஏறி ஆம்பூரில் இறங்கினேன்.

4

தெருமுனை திரும்பியதும் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். பள்ளிக்கூடத்து நாற்காலி ஒன்று வெளியே போட்டிருந்தது. மணியக்காரர் வெள்ளை வேட்டியோடு நிற்கிறார். தலையாரி நிற்கிறான். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சாவு வீட்டுக்கு வருகிற மகள் வாசல் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு வரமாட்டாள். தெருமுனையிலேயே ஆரம்பிக்க வேண்டும். அது நம் பக்கத்து வழக்கம். கூட்டத்தில் வாய் திறக்காத நானும் அதற்குத் திறந்தேன். "என்னப் பெத்த தாயே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடினேன்.

குப்பு எதிரே ஓடிவந்தாள். கட்டிக்கொண்டு அழப்போகிறாள் என்று கையை விரித்தேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

"அழாதக்கா. கெழவி நல்லாத்தான் இருக்கு. ஆபீசர் வந்திருக்காரு. நீ வாயத் தொறந்த, எல்லாம் போச்சு."

உள்ளே கூட்டிப்போனாள். அம்மா கோணியை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன வயசு ரெவின்யூ இன்ஸ்பெக்டர், மடியில் காகிதக்கட்டு. ஆதரவில்லாத கிழவர்களுக்குச் சர்க்கார் மாதம் இருபது ரூபாய் கொடுக்கத் தொடங்கியிருந்த சமயம் அது. பிள்ளை, பெண், பேரன் என்று காப்பாற்ற ஒருவரும் இருக்கக் கூடாது. இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"யாரும்மா இவங்க? இப்படி அழுதுட்டு வராங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை. நல்ல கண்ணால் என்னைப் பார்த்தாள். எனக்கு அறுபது வயசு. அந்தப் பார்வையில் ஆறு வயசாகிவிட்டேன்.

"எம் பொண்ணுகூட பெங்களூர்ல வேல செஞ்ச அம்மா, சாமி. பொண்ணு போன சேதிய இவங்கதான் வந்து சொன்னாங்க. இந்த வாசலப் பாத்தாலே அவ நெனப்பு வந்துடும். எப்ப வந்தாலும் இப்பிடித்தான், அழுதுகினே வருவாங்க."

எண்பதை நெருங்குகிறவள் மூச்சு வாங்காமல் சொன்னாள்.

இன்ஸ்பெக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. சாட்சி இல்லாம எப்படி எழுதறதுன்னு பார்த்துட்டு இருந்தேன். உட்காருங்கம்மா."

உட்கார்ந்தேன். யாரோ ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள்.

"உங்க பேரு?"

என் பெயர்தான் அந்தக் காகிதத்தில் செத்தவள் பெயராக இருந்தது. வேறு பெயர் எனக்கு எது தெரியும்? "மேரிங்க" என்றேன்.

"இவங்க மக ராஜம்மா உங்களுக்குப் பழக்கமா?"

"ஆமாங்க."

"என்னவா இறந்தாங்க?"

"காய்ச்சல்லங்க."

"நீங்க கூட இருந்தீங்களா?"

"இருந்தேங்க."

நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே அம்மாவிடம், "பொண்ணு இருந்தப்போ உங்களைப் பார்த்துக்கிட்டாங்களா பாட்டி?" என்று கேட்டார். பாரத்தில் அந்தக் கேள்வி இருந்திருக்காது. மனசில் ஈரம் உள்ள பையன், சும்மா கேட்டிருப்பார்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எம் பொண்ணு மாதிரி இந்தத் தெருவுல யாருக்கும் வாய்க்கல, சாமி. நாலாவது படிச்சவ. அத்தினி வேலையிலயும் மாசம் பொறந்தா மணியார்டர் வந்துடும். ஒரு மாசம் தவறினதில்ல. ஒரு மாசம்கூட."

வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி விம்மினாள். அது நடிப்பில்லை. எனக்குத் தெரியும்.

"இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா. போடத் தெரியுமா?" என்று காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

நான் பேனாவுக்குக் கையை நீட்டிவிட்டேன். பின்னாலிருந்து குப்பு சொன்னாள். "ஏதுங்க. ஆயா வேலைக்குப் போறவங்களுக்குக் கைநாட்டுதான்."

அந்தத் தெருவில் என் வயசுப் பெண்களில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். கல்யாணத்துக்கு என்னைப் பார்க்க வந்தவர்களிடம் அம்மா வேறெதுவும் பெருமை பேசவில்லை, "எம் பொண்ணு பேரு எழுதும்" என்றுதான் சொன்னாள். அந்த அம்மாவின் முன்னால் இன்ஸ்பெக்டர் என் பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தி, ராஜம்மாள் இறந்துபோனாள் என்று எழுதியதன் கீழே உருட்டினார். வாழ்நாளில் நான் வைத்த ஒரே கைநாட்டு அதுதான்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் ஏறிப் போனார். மணியக்காரர் என் பக்கம் வந்து, "மனசுல வச்சுக்காதம்மா, ஊர்ல நாலு பேருக்கு இப்பிடித்தான் எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டு நழுவினார். கூட்டம் கலைந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி மட்டும் நின்று, "நீங்க செத்துப்போன ராஜம்மாவுக்குத் தங்கச்சியா?" என்று கேட்டது. குப்பு அதை விரட்டினாள்.

நான் குப்புவைத்தான் பிடித்துக்கொண்டேன். "உனக்கு என்ன குறை வச்சேன்? எதுக்கு என்னச் சாகடிச்ச?"

"மாரியாத்தா மேல சத்தியமா நாங்க யாரும் சொல்லலக்கா. மணியக்காரர் வந்து, 'வாரிசு யாருன்னு எழுத'ன்னு கேட்டாரு. நாங்க எல்லாம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகினு நின்னோம். கெழவிதான் சொல்லுச்சு. கேட்டுப் பாரு."

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆமா. நாந்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. "அந்த ரெண்டு மாசம் ஒரு வேளைக் கஞ்சி குடிச்சேன். இவளும் என்னா பண்ணுவா, இவளுக்கும் மூணு வாய் இருக்குது. உனக்குக் காய்ச்சல்னா எனக்குக் கஞ்சி இல்ல. உன் தொரசானி மவன் ஊடு மாறினா எனக்குக் கஞ்சி இல்ல. சர்க்காருக்குக் காய்ச்சல் வராது. சர்க்காருக்கு எந்தத் தொரசானியும் சம்பள பாக்கி வக்க மாட்டா."

"அதுக்காக செத்துட்டேன்னு சொல்லுவியா? எங்கயோ போயிட்டா, தெரியலன்னு சொல்லக் கூடாதா?"

"ஓடிப்போயிட்டான்னா சொல்லச் சொல்ற? அந்தப் பேரு உனக்கு வேணாம்னுதான் சாகடிச்சேன்."

அம்மா என் கையைப் பிடித்து, மையை அவள் முந்தானையில் துடைத்தாள். பிறகு பொக்கை வாயால் சிரித்தாள். "உசுரோட இருக்கிற பொண்ணு பதினஞ்சு. செத்த பொண்ணு இருபது. நீ படிச்சவ, நீயே சொல்லு."

குப்பு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இன்றைக்கும் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "இனிமே மணியார்டர் போடாத. வந்தா மேரியாவே வா. அழாம வா."

6

மேரியாகவே போனேன். வருஷத்துக்கு இரண்டு தடவை. கையில் ஐந்தோ பத்தோ, ஒரு பொட்டலம் ரொட்டி. போனதும் முதல் வேலையாக அம்மாவின் ரவிக்கையைத் தூக்கி முதுகைப் பார்ப்பேன். ஆயாக்காரிக்கு அது பழக்கம். ஒரு புண் இல்லை. இடுப்பெலும்பில் சிவப்பு இல்லை. தலையில் எண்ணெய் இருந்தது. இரண்டு வேளைச் சோறு இருந்தது. குப்பு நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். அதை நான் இங்கே எழுதாவிட்டால் பாவம்.

உயிரோடிருந்த என்னால் ஒழுங்காகக் கொடுக்க முடியாததைச் செத்துப்போன நான் மாதம் தவறாமல் கொடுத்தேன். இதை நினைக்கும்போது நியாயம் என்று புத்தி சொல்லும். நெஞ்சு கேட்காது. என் பேரைக் கொடு என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். என்னைக் கேட்கவில்லையே. ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். படிக்கத் தெரிந்த மகளுக்கு ஒரு கார்டு.

செல்வராஜிடம் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாட்டி பலே ஆளு. பேக்டரிலகூட பாரத்துல அம்மா பேரு, அப்பா பேரு, உயிரோட இருக்காங்களான்னு கேக்கறாங்க. நீ இருக்கேன்னுதான் எழுதியிருக்கேன், கவலப்படாத."

"இல்லேன்னு எழுதினா பணம் வரும்னா?"

"எவ்ளோ வரும்னு சொல்லு, அப்புறம் பாக்கலாம்" என்றான். மருமகளும் சிரித்தாள். பேரப்பிள்ளைகள் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு அவர்களும் சிரித்தார்கள். விளையாட்டுத்தான். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

7

போன ஆடியில் அம்மா போனாள். தந்தி வரவில்லை. யாருக்குத் தந்தி கொடுப்பார்கள், காகிதத்தில் ஆள் இல்லையே. காய்கறி லாரியில் பெங்களூர் வந்த நம் ஊர்ப் பையன் சொல்லித்தான் தெரிந்தது. அதே லாரி மத்தியானம் திரும்பியது, அதில் ஏறி உட்கார்ந்தேன்.

தெருமுனையில் என் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். வாசல் வரைக்கும் மூடிக்கொண்டே போனேன்.

குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போடுகிற நேரம். நான் முன்னால் போனேன். மணியக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "கோவிச்சுக்காதம்மா. பேப்பர்ல ஒண்ணு இருக்கு. இப்ப நீ மொதல்ல போட்டா, நாளைக்கு யாராவது மொட்டைக் கடுதாசி எழுதினா, வாங்கின பணத்தயெல்லாம் கட்டுன்னு குப்புவப் புடிப்பாங்க. அவ கெழவிக்குச் செஞ்சவ. நீ கொஞ்சம் பொறு."

பொறுத்தேன். பெருமாள் போட்டான், குப்பு போட்டாள், பங்காளி வீட்டார் போட்டார்கள், சம்பந்தி முறையார் போட்டார்கள், தெருக்காரர்கள் போட்டார்கள். உங்களில் பலர் எனக்கு முன்னால் நின்றீர்கள். ஒருவராவது நகர்ந்து வழி விடுவீர்கள் என்று பார்த்தேன். கடைசியாக, தட்டில் மிச்சமிருந்த அரிசியை நான் போட்டேன். அம்மாவின் வாயில் அதற்குமேல் இடமில்லை. கன்னத்தில் வழிந்து விழுந்தது.

ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் ரிச்மண்ட் டவுனுக்குப் போனேன். அம்மாவுக்கு முடியவில்லை என்று மட்டும்தான் அங்கே சொல்லிவிட்டுப் போயிருந்தேன். துரைசானி கேட்டார், "மேரி, உன் மம்மி?"

"போயிட்டாங்க மிஸ்ஸி."

"நீ அழு. நான் அந்தப் பக்கம் பார்க்கிறான்" என்று சுவர் பக்கம் திரும்ப முயன்றார். அவரால் தானாகத் திரும்ப முடியாது. நான்தான் புரட்டிவிட்டேன். புரட்டிவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்து, "மிஸ்ஸி, என் பேரு மேரி இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டே. "எல்லா மேரியும் அப்படித்தான் சொல்லும்."

இதைப் படித்துவிட்டுக் குப்புவை யாராவது கேட்டால், என்னைக் கைகாட்டி விடுங்கள். பொய்ச்சாட்சி சொன்னவள் நான். பணம் கட்டச் சொன்னால் ஆயா சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறேன். செயலாளர் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள், நீளமானால் வெட்டுங்கள். கீழே நான் எழுதியிருப்பதை மட்டும் அப்படியே அச்சில் போடுங்கள். அதை என் கையால்தான் எழுதியிருக்கிறேன்.

முனியம்மாள் மகள் ராஜம்மாள்,
ஆஸ்டின் டவுன், பெங்களூர்.